இருபத்திரண்டு கொய்யா

பிரேசர் டவுன் பல் மருத்துவர் என் ஈறில் மூன்று இடத்தில் ரத்தம் என்று குறித்துக்கொண்டார். “வைட்டமின் சி குறைஞ்சாலும் இப்படி ஆகும் சார். தினம் ஒரு கொய்யா சாப்பிடுங்க.” அவர் மேசையில் கொய்யாத் துண்டுகள் இருந்த டப்பா திறந்திருந்தது. அந்த வாசனை பட்டதும் எனக்குக் கோபம் வந்தது.

மர்பி டவுன் வீட்டுக் கொல்லையில் எங்களுக்கு ஒரு கொய்யா மரம் இருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபின் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. பத்தியம் போதவில்லை என்று எங்களோடு இருந்து வீட்டை நடத்திய அத்தை தீர்மானித்தாள்.

“புளிப்பு பட்டா ஈறு கரையும். கொய்யா தின்னா புள்ளைக்குச் சளி.”

ஏழு மாதம் சோறு, பூண்டுக் குழம்பு, சுட்ட கருவாடு. ரத்தம் கூடக் கூடப் பத்தியமும் கூடியது.

தினமும் மரத்துப் பழங்களை எண்ணி அத்தையிடம் சொல்வது என் வேலை. ஒருநாள் இருபத்துமூன்று பழம் இருபத்திரண்டாகியிருந்தது.

“அணில் தின்னிருக்கும்டா, சொல்லிடாத” என்றாள் அக்கா. அவள் வாயில் இதே வாசனை. நான் போய்ச் சொன்னேன். அத்தை பிஞ்சுகூட விடாமல் பறித்துத் தெருவுக்கே கொடுத்துவிட்டாள்.

அந்த வருடம் அக்காவுக்கு நான்கு பற்கள் விழுந்தன. வயது இருபது. அதன்பின் முந்தானையால் வாயை மூடாமல் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

“வீட்ல வேற யாருக்காவது ஈறு நோய் இருந்துச்சா சார்?”

“எங்க அக்காவுக்கு.”

“அப்போ பரம்பரையா வந்திருக்கலாம்.”

“தானா வரல, டாக்டர்” என்றேன். “நாங்க எண்ணி எண்ணி வரவெச்சோம்.”