தேசம்மாவின் இடது இமை

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி மீன் விற்கும் தேசம்மாவின் இடது இமை, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம் தானாகக் கீழே இறங்கியது. மறுநாள் காலை ஏறியது. மத்தியானம் மறுபடி இறங்கியது. அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் சங்கடப்பட்டு வேறு கடைக்கு மாறிக்கொண்டார்.

"கண்ணடிச்சே நல்ல பார்ட்டிய தொரத்திட்ட," என்றார் கணவர் அங்கமுத்து.

"உன்னப் பாத்து ஒரு நாளாவது அடிச்சேனா? கம்முனு இரு."

கண்ணோடு நிற்கவில்லை. சாயங்காலம் சோற்றை மெல்லத் தாடை மறுத்தது. காலை பதினொரு மணிக்கு மேல் குரல் மூக்குக்குள் போனது. கூவாமல் அந்த வரிசையில் யாரும் மீன் விற்க முடியாது.

ஆஸ்பத்திரியில் மையஸ்தீனியா என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, நரம்பு தசைக்குச் சேதி சொல்லும் இடத்தில் புகுந்து அடிக்கும் நோய். அவள் அதை அங்கமுத்துவுக்கு விளக்கினாள்: "உள்ள கீற வாட்ச்மேனே ஊட்டுக்காரன அடிக்கிறானாம்."

மாத்திரையில் குரல் திரும்பியது. பிறகு அவளை ஓர் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார்கள். தேறியவர்களுக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. சோதித்தவள் ஸஹானா. மயிலாப்பூர்ப் பெண், முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். மாதம் ஒரு நாள் காலையில் சோதனை. மேலே பார்த்தால் இமை எத்தனை விநாடி நிற்கிறது, கையை எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது, ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணினால் குரல் எங்கே தேய்கிறது. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுவாள்.

தாளைப் பார்த்ததும் இது பரீட்சை என்று தேசம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பரீட்சை எழுதுவது இவள், பாஸாக வேண்டியது அந்தப் பெண்.

மீன்பெட்டி ஐஸைக் கண்மேல் வைத்தால் இமை கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்ளும் என்று ஒரு வெயில் நாளில் கண்டுபிடித்திருந்தாள். பரிசோதனை நாளில் வாசலுக்கு வெளியே நின்று ஒற்றிவிட்டு உள்ளே போவாள். கைக்காக முந்தின நாள் கூடை தூக்க மாட்டாள். குரலுக்காக விடிந்ததிலிருந்து யாரோடும் பேச மாட்டாள். மாதத்தில் அந்த ஒரு நாளை அங்கமுத்து மிகவும் விரும்பினார்.

தாள் அழகாக இருந்தது. டாக்டர் மருந்தைக் குறைத்தார். மறுபடி குறைத்தார். நான்காம் மாதம் தேசம்மா கூவுவதை விட்டுவிட்டு மீனைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போதும் சோதனைக்குப் போகும்போது ஐஸைக் கூடுதலாக வைத்துக்கொண்டாளே தவிர, நோய் திரும்பியதைச் சொல்லவில்லை.

அன்று ஸஹானா இமையைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. விரலை மோந்து பார்த்தாள்.

"தேசம்மா, கண்ணுல என்ன வெச்சீங்க? மீன் வாசனை வருது."

"சங்கரா மீனு, பாப்பா," என்று தேசம்மா திருத்தினாள். பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. "நீ பெயிலாயிடக் கூடாதுன்னுதாம்மா."

கண்ணில் ஐஸ் வைத்துப் பார்ப்பது, இந்த நோயைக் கண்டறிய டாக்டர்களே செய்யும் சோதனை என்றாள் ஸஹானா. தேசம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு மாதத் தாள்கள் எல்லாவற்றிலும் ஸஹானா குறுக்குக் கோடு போட்டபோது பெருமை போய்விட்டது.

"என்னாலயா?"

"நோய் திரும்புதுன்னு தெரிஞ்சாலும் எனக்குப் பாஸ்தான். தெரியாமப் போனாத்தான் ஃபெயில். நாளைக்கு வியாபாரத்த முடிச்சுட்டு, களைச்சுப்போய் வாங்க. ஐஸ் வேண்டாம்."

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குத் தேசம்மா வந்தாள். இமை ஒன்பது விநாடி நின்றது. எண்ணத் தொடங்கினாள். பதினேழில் குரல் மூக்குக்குப் போனது. டாக்டர் பார்த்துவிட்டு மருந்தைப் பழைய அளவுக்கே ஏற்றி எழுதினார்.

ஸஹானா புதுத் தாளில் பதினேழு என்று குறித்தாள்.

"ரொம்ப நல்லா பண்ணீங்க."

தேசம்மா எட்டிப் பார்த்தாள். ஐம்பதுக்குப் பதினேழு.

"இதுக்கா?" என்றாள் மூக்கால். "எந்த ஸ்கூல்ல படிச்ச பாப்பா நீ?"