மீனம்பாக்கத்திலிருந்து பறந்த விரால் குழம்பு

யுத்த காலத்தில் கரையான்சாவடியிலிருந்து விமானத்தில் மீன் குழம்பு அனுப்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்துக்கு அப்பால் புதிதாகப் போட்ட விமானத் திடலில் சமையல் வேலை. பட்டாளத்துக்கே ஆக்கிப் போடும் மனிதருக்கு என் மீன் குழம்பு மட்டும் இறங்காது. "எங்கம்மா வெச்ச மாதிரி இல்ல" என்பார். அந்த அம்மாவோ எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசியாக லீவில் வந்தபோது அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு ஊற்றினேன். அதே பேச்சு. "அப்போ அவங்களையே வந்து ஆக்கச் சொல்லேன்" என்று சொல்லித் தொலைத்தேன். பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து போனவர் இரண்டு மாதமாக ஒரு கார்டுகூடப் போடவில்லை. இனி வரவே மாட்டாரோ என்று தினமும் தபால்காரர் வரும் வழியில் போய் நின்றேன்.

என் தம்பி மீனம்பாக்கத்தில் விமானத்துக்கு மூட்டை ஏற்றுகிறவன். அவன்தான் யோசனை சொன்னான்.

"ரயில்ல குடுத்தா எவனாச்சும் துன்னுடுவான்க்கா. ஏரோப்ளேன்ல அனுப்பு. முப்பத்தஞ்சு மைலுதான், கால் மணி நேரம். கொயம்பு சூடுகூட ஆறாது. நான் தெனம் எளநி வெட்டிக் குடுக்கற ஏரோப்ளேன் ஓட்ற தொர ஒருத்தன் கீறான், எட்த்துகினு போவான்."

"தொர மோந்து பாத்தா தூக்கி எறிஞ்சிடுவானே?"

"வாயக் கட்டி அனுப்பு. சட்டி வாயச் சொன்னேன்."

செம்பரம்பாக்கம் ஏரி விரால் வாங்கி, விடியற்காலையில் ஆக்கி, சட்டி வாயில் வாழையிலை போட்டுத் துணியால் கட்டிக் கொடுத்தேன். தம்பி சைக்கிளில் மீனம்பாக்கம் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். பத்து மணி வாக்கில் ஒரு விமானம் மேற்கே போயிற்று. கையெடுத்துக் கும்பிட்டேன். அது எந்த விமானமோ!

மறுநாள் சாயங்காலம் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். துரை கால் மணியில் இறங்கிவிட்டாராம். சட்டியைத்தான் காவல் கேட்டில் நிறுத்திவிட்டார்களாம். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ஊரில் இல்லை. சமையல் கூடாரம் கூப்பிடு தூரம். அதைக் கடக்கக் குழம்புக்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகியிருக்கிறது. ஊசின குழம்பை அனுப்பினாள் என்று ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே என்று உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து நின்றார், கழுவிய சட்டியோடு.

"அப்டியே எங்கம்மா கொயம்பு. கண்ல தண்ணி வந்துட்ச்சி. இன்னாடி போட்ட?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய அம்மா நாளெல்லாம் நடவுக்குப் போனவள். ராத்திரி ஆக்கி வைத்ததை இவர் மறுநாள் காலையில் பழைய சோற்றோடு தின்று வளர்ந்திருக்கிறார். அம்மா குழம்பைச் சூடாக அவர் சாப்பிட்டதே இல்லை. நானோ ஆசை ஆசையாகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் கைப்பக்குவந்தான்" என்றேன், கூசாமல்.

அன்றிலிருந்து மீன் வாங்கும் நாளில் எங்கள் வீட்டில் ரசம். குழம்பு மறுநாள்தான்.