ரெஃப்ரிக்கு டி-ஷர்ட் சைஸ் என்ன?

போன மாதம் ஒரு மெயில் போனது. டி-ஷர்ட் சைஸ் கேட்டு, மரியாதையாக எழுதப்பட்ட நாலு வரி மெயில். அதனால் ஒரு விஞ்ஞானக் கட்டுரையே கவிழப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். அனுப்பியவன் என் நண்பன் குழந்தைவேலு.

திருப்பூர் பக்கத்தில் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். எக்ஸ்போர்ட். அவன் மனைவி சுமதி கோயமுத்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஃபிசியாலஜி பேராசிரியர். மனித உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தரும் பாடம். என் உடம்பு ஏன் வேலையே செய்வதில்லை என்பதற்கும் அதில் பதில் இருக்கிறதாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் பெண்கள் நாள் முழுக்க மேஜை முன்னால் நின்றபடியே, தைத்து வந்த பீஸில் பழுது உண்டா என்று புரட்டிப் பார்ப்பார்கள். சாயந்திரம் கால் வீங்கும். எவ்வளவு வீங்குகிறது? சுமதி காலையிலும் மாலையிலும் இன்ச் டேப்பால் கணுக்காலை அளந்தார். கட்டுரையாக எழுதி வெளிநாட்டு ஃபிசியாலஜி ஜர்னல் ஒன்றுக்கு அனுப்பினார். படிக்கிற காலத்தில் லைப்ரரியில் கை கழுவிவிட்டுப் புரட்டிய ஜர்னல் அது. அதில் ஒரே ஒரு தடவை தன் பெயர் வர வேண்டும்... சர்வீஸ் முழுக்க அவருக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான்.

அப்படி என்ன பெரிய ஜர்னல் என்று நான் கேட்டுவைத்தேன். ஒரு மணி நேரம் போனது. ஆனால் வீண்போகவில்லை.

ஜர்னல்கள் இல்லாத காலத்தில், தவளைக் காலிலோ ஆட்டு இதயத்திலோ ஒருவர் புதிதாக எதையாவது கண்டால் நண்பருக்குக் கடிதம் எழுதுவாராம். நண்பர் இன்னொருவரிடம் சொல்வார். அந்த இன்னொருவர், ‘இதை நான் எப்பவோ பார்த்தாச்சே’ என்பார். அப்புறம் என்ன? சண்டைதான். அச்சில் வர ஆரம்பித்ததும் யார் முந்தி என்கிற வழக்கு குறைந்தது. அதைவிட முக்கியம், என்ன பார்த்தேன் என்பதோடு எப்படிப் பார்த்தேன் என்றும் எழுதியாக வேண்டும் என்றானது. சந்தேகப்படுகிறவன் தானே செய்து பார்த்துக்கொள்ளலாம்.

யார் அனுப்பினாலும், அதே துறை தெரிந்த இரண்டு பேர் படித்துக் கேள்வி கேட்பார்கள். ரெஃப்ரி என்று பெயர். அவர்கள் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. சம்பளம் கிடையாது. அச்சான பிறகு தப்பு தெரிந்தால், அந்தத் தப்பையும் அதே ஜர்னலில் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஜர்னலுக்கு வயது நூறுக்கு மேலாம்.

எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நானும் வாராவாரம் எழுதுகிறேன். ரெஃப்ரி என்று யார் இருக்கிறார்கள்? வீட்டில் ஒருவர் உண்டு. படிக்காமலேயே நிராகரித்துவிடுவார்.

சுமதியின் கட்டுரைக்கும் கேள்விகள் வந்தன. எந்த டேப்பால் அளந்தீர்கள், துணி டேப் நாளாக நாளாக நீளுமே, சரிபார்த்தீர்களா என்றார் ஒருவர். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் காலையும் அளந்து ஒப்பிட வேண்டாமா என்றார் இன்னொருவர். சுமதிக்கு முகம் விழுந்துவிட்டது. குழந்தைவேலுவுக்கோ ஏக குஷி.

“இது சரக்கு வாங்கற பையர் நம்ம சாம்பிளப் பாத்துட்டு எழுதற கமெண்ட்ஸ் மாதிரி அம்மிணி. புடிக்காதவன் கமெண்ட்ஸ் எழுத மாட்டான். கழுத்து லூசு, கை நீளம்னு எழுதறான்னா ஆர்டர் குடுக்கப் போறான்னு அர்த்தம்.”

எப்படி யோசித்துப் பார்த்தாலும், ரெஃப்ரி முறையைப் பற்றி இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. சுமதி இரும்பு டேப் வாங்கினார். உட்கார்ந்தே தைக்கும் டெய்லர்களின் கணுக்காலை அளந்தார். திருத்தி அனுப்பினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கம் ஒரு பழக்கம். தரம் பார்க்க பையர் அனுப்பும் க்யூசி வந்து குறை சொல்லிவிட்டுப் போனாலும் சாப்பாடு போடாமல் அனுப்ப மாட்டோம். ஊத்துக்குளி நெய் ஒரு டப்பாவாவது காரில் ஏறும். அதை யாரும் லஞ்சம் என்று நினைப்பதில்லை. மரியாதை, அவ்வளவுதான். குழந்தைவேலுவும் மரியாதை செய்தான். சுமதியின் கட்டுரையைப் பொறுமையாகப் படித்த இரண்டு பேருக்கும் எங்கள் டி-ஷர்ட் அனுப்ப ஆசைப்படுகிறோம், சைஸும் கலரும் தெரிவிக்கவும் என்று ஜர்னலுக்கே மெயில். கீழே தன் பெயர், கம்பெனி பெயர்.

பதில் சுமதிக்கு வந்தது. பரிசு வாங்குவதில்லை, ரெஃப்ரி யாரென்றும் சொல்ல மாட்டோம். சரி, போகட்டும். மூன்றாவது வரிதான் வினை. இந்த மெயிலில் உள்ள கம்பெனியும் நீங்கள் அளவெடுத்த கம்பெனியும் ஒன்றாக இருக்கிறதே, இவர் உங்களுக்கு என்ன உறவு, கட்டுரையில் ஏன் சொல்லவில்லை? பதில் வரும்வரை கட்டுரை நிறுத்திவைக்கப்படுகிறது.

சுமதி மறைக்கவில்லை. அளக்கக் கம்பெனி வேண்டும், வீட்டுக்காரருக்குக் கம்பெனி இருக்கிறது, போய் அளந்தார். திருப்பூரில் இதை யாராவது தனியாகச் சொல்வார்களா? ஆனால் எங்கோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு? முதலாளியின் மனைவியே எழுதியது என்று தெரிந்தால்தானே எந்த இடத்தில் சந்தேகப்படுவது என்று தெரியும்?

குழந்தைவேலு என்னிடம் ஓடி வந்தான். நீதான் எழுதுகிறவன், ஒரு மன்னிப்புக் கடிதம் போட்டுக் கொடு என்றான். போட்டேன். ஒன்றரைப் பக்கம். கொங்கு நாட்டு உபசாரம், விருந்தோம்பல், பண்பாடு... படித்தபோது எனக்கே கண் கலங்கியது. இருவரும் எடுத்துக்கொண்டு போனோம்.

சுமதி கடைசி வரி வரைக்கும் படித்தார். “ஏனுங்ணா, அவிய கேட்டது இவரு எனக்கு என்ன வேணும்னுதானுங்க. அது மட்டும் இதுல எங்கயும் வரலீங்களே?”

என் இலக்கிய வாழ்க்கையின் முதல் ரெஃப்ரி கமெண்ட்.

குழந்தைவேலு மெதுவாக, அந்த மெயில் ஆபீஸில் யாரோ தெரியாமல் அனுப்பியது என்று சொல்லிவிடலாமா என்றான். சுமதி அவனைப் பார்த்தார். கோபம்கூட இல்லை.

“வேண்டாமுங்க. அளந்ததுல பொய்யில்லீங்க. எங்க அளந்தேன்னு முழுசாச் சொல்லாம உட்டுட்டேன். இப்பச் சொல்லீர்றேன். அதுக்கப்பறமும் வேண்டாம்னு சொன்னாங்கன்னா... வேண்டாம்.”

அந்தக் கடைசி ‘வேண்டாம்’ கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

அவரே எழுதினார். கம்பெனி என் கணவருடையது. சொல்லாதது என் தவறு. அளவெடுத்ததிலும் எழுதியதிலும் அவருக்குப் பங்கில்லை. எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன், நீங்களே பாருங்கள். நாலே வரி. பண்பாடு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு குழந்தைவேலு பட்ட பாடு... ஷிப்மெண்ட் லேட்டானபோதுகூட அவன் இப்படி இருந்ததில்லை. ஆபீஸில் உட்கார முடியாமல் செக்கிங் மேஜைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தானாம். போன வாரம் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள்.

கட்டுரையின் முடிவில், சின்ன எழுத்தில், அளவெடுத்த ஆலை கட்டுரையாளரின் கணவருக்குச் சொந்தமானது என்று ஒரு வரி இருக்கிறது. குழந்தைவேலு அதைப் போனில் பெரிதாக்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுகிறான். மீதிக் கட்டுரையைப் படித்தாயா என்று கேட்டேன்.

“அது எதுக்குப்பா? என்னைப் பத்தி எழுதுனது கரெக்டா இருக்குது.”

மனைவியின் சாதனையில் கணவனுக்கு இடம் கடைசியில், சின்ன எழுத்தில்தான்... ஆனால் பொய்யில்லாமல். எத்தனை பேருக்கு அதுவாவது வாய்க்கிறது?