வன்னி மரத்தில் கட்டப்பட்டிருந்த பகல்

என் இரண்டு கைகளையும் பின்னால் வளைத்து மரத்தோடு கட்டியிருந்தார்கள். மே மாதம், பகல் பன்னிரண்டரை மணி. ராஜஸ்தான் பாலைவனத்தில் பெயர் தெரியாத ஒரு கிராமம். என்னைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். நான் தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் என் பாட்டிலையே எடுத்துத் திறந்து, நான் பார்க்கும்படி மணலில் கொட்டினாள். ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. நனைந்த இடம் உடனே காய்ந்துபோனது.

அன்று உயிரோடு திரும்புவேன் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வந்தேன். அதனால் இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

நம் வெள்ளிக்கிழமை பஜனைக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் சுகந்தி. பூர்வீகம் முசிறிப் பக்கம். பிறந்து வளர்ந்தது புனேயில், தாபோடியில். இப்போது வானவடியில் குடியிருக்கிறோம். பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். என் கணவர் ரவிக்கு ஆகுர்டியில் தொழிற்சாலை வேலை. ஒரே பெண், பெங்களூரில் படிக்கிறாள். எங்கள் குடும்பத்துக்கு மாரியம்மன்தான் எல்லாம். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு அது பழக்கமாகத்தான் இருந்தது. விளக்கேற்றுவேன், பாடுவேன், பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.

என் மனம் முழுக்கக் கேமராவில் இருந்தது. மகள் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆனது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்து போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தார்கள். எனக்குப் பாலைவனம் எடுக்க வேண்டும் என்று ஆசை. யாரும் கூட வராமல், என் காரில், நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும்.

"மே மாசத்துல எவனாவது பாலைவனத்துக்குப் போவானா?" என்றார் ரவி.

"எனக்கு அப்பதானே லீவு" என்றேன்.

"போ. ஏதாவது ஆச்சுன்னா எனக்குப் போன் பண்ணாத."

அதே கோபத்தோடு கிளம்பினேன். அகமதாபாத்தில் ஒரு ராத்திரி, பார்மேரில் ஒரு ராத்திரி தங்கினேன். மூன்றாவது நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் ஜெய்சல்மேர் பக்கம் போகும் பெரிய ரோட்டை விட்டு ஒரு கிளை ரோட்டில் திரும்பினேன். கிளை ரோட்டில்தான் நல்ல படம் கிடைக்கும் என்று எங்கள் போட்டோ வகுப்பு மாஸ்டர் சொல்லியிருந்தார்.

கிடைத்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் நாக்கு கூசுகிறது.

ரோட்டோரத்தில் ஒரு மைல்கல். அதன் சின்ன நிழலில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருந்தது. எட்டு வயது இருக்கலாம். ஆரஞ்சு நிறத் துணி தலையில். முன்னால் உடைந்த மண்பானைத் துண்டுகள். பின்னால் ஒன்றுமே இல்லாத வெள்ளை மணல், கானல் அலை. நான் தூரத்திலேயே காரை நிறுத்தி, கதவைத் திறந்து, அதன் மறைவில் நின்று நீளமான லென்ஸைப் போட்டு எடுத்தேன். பிறகு கொஞ்சம் கிட்டே நடந்துபோய் எடுத்தேன். உட்கார்ந்து எடுத்தேன். குழந்தை என்னைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. நல்லதுதான், அசையாமல் இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது. அதையும் எடுத்தேன்.

ஒன்பது படங்கள். கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. ஒன்பதாவது படம் எடுத்த பிறகுதான் அது சாய்ந்து படுக்கவில்லை, மயங்கி விழுந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. வாயில் தண்ணீர் விட்டேன். இறங்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. பின் சீட்டில் படுக்க வைத்து, ஏசியை முழுதாக வைத்து, முன்னால் எந்த ஊர் வருகிறதோ அங்கே ஆஸ்பத்திரி கேட்கலாம் என்று ஓட்டினேன்.

முதலில் வந்த கிராமத்தில் ஒரு கடை வாசலில் நிறுத்தி, "ஹாஸ்பிடல் கிதர் ஹை?" என்று கத்தினேன். ஆட்கள் வந்தார்கள். காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்தக் குழந்தையை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பக்கத்துக் குடியிருப்புக் குழந்தை. அதன் அப்பன் அந்தக் கடையிலேயே நின்று பைக்கில் கேன் கட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் அவனைக் கூப்பிட்டார்கள். உன் பெண் எப்படி இந்த அம்மா காரில் கிடக்கிறாள் என்று கேட்டார்கள்.

அவன் குழந்தையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். பிறகு சொன்னான், "வீட்டுலதான் விட்டுட்டு வந்தேன். இவதான் தூக்கிட்டு வந்திருக்கா."

அவ்வளவுதான். பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று அங்கே எல்லார் போனிலும் ஏற்கெனவே வீடியோ ஓடிக்கொண்டிருந்ததாம். என் தலைமுடியைப் பிடித்து இழுத்தவர்கள் பெண்கள். செருப்பால் அடித்தவர்களும் பெண்கள்தான். ஆண்கள் போனில் படம் பிடித்தார்கள். நான் பேசிய புனே இந்தியைக் கேட்டு, இது எங்கள் இந்தியே இல்லை, எங்கிருந்தோ வந்த கும்பல் என்றார்கள். கேமராவைத் திறந்து முதல் படத்திலிருந்து பார்த்தார்கள். வழியில் நான் எடுத்த மற்ற ஊர்க் குழந்தைகளின் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பாருங்கள், குறித்து வைத்திருக்கிறாள் என்றான் ஒருவன். அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தார்கள் போல. கேமராவைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு என்னை இழுத்துப் போனார்கள். குழந்தையைத் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனார்கள்.

என்னைக் கட்டிய மரம் வன்னி மரம். அதன் அடியில் ஒரு மேடை. மேடையில் செந்தூரம் பூசிய கல். சீதளா மாதா. அம்மை நோய்க்கு அங்கே கும்பிடும் தாய். புனேயிலும் அந்தக் கோயிலைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. அன்று கட்டுப்பட்ட நிலையில் அந்தக் கல்லைப் பார்த்தேன். பேர்தான் வேறு, நம் மாரிதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. "தாயே, மாரி, நீயே கதி" என்று சத்தமாகக் கும்பிட்டேன்.

மந்திரம் போடுகிறாள் என்று ஒருத்தி கத்தினாள். என் துப்பட்டாவையே கிழித்து என் வாயில் திணித்தார்கள்.

அதன் பிறகு மனதுக்குள்தான் வேண்டினேன். எனக்காக இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்காகத்தான். அம்மா, அந்தக் குழந்தை கண்ணைத் திறக்கட்டும். அவள் ஒருத்திதான் எனக்குச் சாட்சி. அவள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் என்னை விட்டுவிடுவார்கள். அவளைக் கண் திறக்க வை.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வெயில் நேராகத் தலைக்கு மேல் வந்திருந்தது. சுகாதார நிலையத்துப் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். குழந்தை கண் திறந்துவிட்டது என்றாள். என் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அம்மன் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் அடுத்ததாகச் சொன்னாள், "இந்த அம்மாதான் தூக்கிட்டு வந்தாளான்னு கேட்டோம். ஆமான்னு தலையாட்டிடுச்சு."

கேட்கும்போது அப்பன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். குழந்தை என்ன செய்யும்?

அப்போது விழுந்த அடியில்தான் என் இடது காது போனது. யாரோ பெரிய கதவை அடித்துச் சாத்தியது போல இருந்தது. அந்தக் காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் நான் அம்மனைத் திட்டினேன். மறைக்கவில்லை. உனக்குக் கண் இருக்கிறதா, கேட்டதைக் கொடுத்துவிட்டு அதையே கத்தியாகத் திருப்புகிறாயா, இனி உன்னைக் கூப்பிட மாட்டேன் என்று உள்ளுக்குள் கத்தினேன். பிறகு கூப்பிடவும் இல்லை. வெறுமனே நின்றேன்.

அப்போதுதான் நர்ஸ் வந்தார். ஒல்லியான, கோபக்கார முகமுள்ள பெண். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக என்னிடம் வந்து வாயிலிருந்த துணியை உருவினார்.

"நீ யாருன்னு எனக்குத் தேவையில்ல" என்றார் இந்தியில். "அந்தப் பொண்ணு மறுபடி மயங்கிட்டா. எவ்வளவு நேரம் வெயில்ல இருந்தா? அவ வீட்டு நிழல்லதான் இருந்தாளாம், அப்பன் சொல்றான். அவ உதட்டைப் பார்த்தா அப்படித் தெரியல. பார்மேருக்கு அனுப்பணுமா, இங்கேயே வெச்சுக்கலாமான்னு நான் இப்ப முடிவு பண்ணணும். நிஜத்தைச் சொல்லு."

நான் இருபது வருஷம் டீச்சர். பொய் சொல்லும் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும். அந்த நொடியில் என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். பார்த்த உடனே தூக்கி வந்தேன் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. அதற்குப் பதிலாக என் வாயிலிருந்து வேறு வந்தது. நான் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். இதைவிடச் சின்ன விஷயத்தையெல்லாம் நான் ஆயுசு முழுக்க மறைத்தவள்.

"நான் வர்றதுக்கு முன்னாடியே வெயில்ல உட்கார்ந்திருந்தா. நான் வந்து உடனே தண்ணி கொடுக்கல. நின்னு போட்டோ எடுத்தேன். ஒன்பது போட்டோ. விழுந்ததையும் எடுத்தேன்."

என் பாட்டிலைக் கொட்டிய அதே பெண் என் முகத்தில் துப்பினாள். அந்த எச்சிலை நான் இன்றும் அநியாயம் என்று நினைக்கவில்லை.

நர்ஸ் துப்பவில்லை. "போட்டோ எங்கே?" என்றார்.

கடைக்காரர் கேமராவைக் கொண்டுவந்தார். முதல் படத்தில் நேரம் இருந்தது. கடைசிப் படத்திலும் இருந்தது. நடுவில் ஏழு நிமிடம். நர்ஸ் முதல் படத்துக்குத் திரும்பினார். எந்தப் பொத்தானை அழுத்தினால் பெரிதாகும் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். குழந்தைக்குப் பின்னால், ரோட்டின் கடைசியில், கானலுக்குள் ஒரு பைக் போய்க்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை. பின்னால் நீல கேன். ஓட்டுகிறவன் முதுகில் பச்சைச் சட்டை. குழந்தை அந்தப் பைக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் தலையைத் தூக்கி, கூட்டத்தில் நின்ற அப்பனைப் பார்த்தார். பச்சைச் சட்டை. கேமராவை ஒவ்வொருவரிடமாக நீட்டிக் காட்டினார். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீடி பற்ற வைத்தான்.

என் கட்டை அவிழ்த்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு ஸ்டீல் டம்ளரில் டீ வந்தது. என் கையால் அதைப் பிடிக்க முடியவில்லை.

குழந்தையைப் பார்மேருக்கு என் காரில்தான் கொண்டுபோனோம். நர்ஸ் ஓட்டினார். நான் பின் சீட்டில் குழந்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். நடந்தது என்னவென்று வழியில் நர்ஸ் சொன்னார். கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும்போது காய்ச்சலில் குழந்தை பானையைப் போட்டு உடைத்துவிட்டது. இங்கேயே கிட, அப்பதான் புத்தி வரும் என்று அப்பன் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

"பேர் என்ன?" என்று கேட்டேன்.

"தாப்பு."

"அப்படின்னா?"

"போதும்னு அர்த்தம். நாலாவது பொண்ணு."

நம் பக்கத்தில் போதும்பொண்ணு என்று வைப்பார்களே, அதே பெயர். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியும் அதே பெயர்.

தாப்பு பிழைத்தாள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். அவளைக் கூட்டிப்போக வந்தது அதே அப்பன். போலீஸ்காரர் ஒருவர் வந்து, "பெத்தவன் திட்டினதுக்கெல்லாம் கேஸ் போட முடியாது மேடம், நீங்க ஊருக்குப் போங்க" என்றார். பைக்கில் அவனுக்கு முன்னால் உட்கார்ந்து, கேனைப் பிடித்துக்கொண்டு தாப்பு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ரவிக்கு நான்தான் போன் செய்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதுதான் அவருடைய முதல் வார்த்தை. ஆனால் மறுநாளே வந்துவிட்டார். காரை அவரே ஓட்டினார். சூரத் தாண்டிய பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் காது கேக்குதா?" என்றார். கேட்கவில்லை என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படங்களைப் பார்த்த எங்கள் மாஸ்டர், கண்காட்சியில் முதல் சுவரில் வைக்கலாம் என்றார். நான் கொடுக்கவில்லை. இப்போதும் கேமரா வைத்திருக்கிறேன். ஆனால் மனிதர்களை எடுப்பதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். பாதி நேரம் படம் எடுக்கவே மறந்துபோகிறது. பஜனையில் நான் பாடும்போது குரல் உடைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான். இப்போது நான் பழக்கத்துக்குப் பாடுவதில்லை.

அம்மன் என்னைக் காப்பாற்றினாள். நான் கேட்ட வழியில் இல்லை. குழந்தையின் வாயால் என்னைக் காப்பாற்று என்று கேட்டேன். என் வாயைத் திறந்து, என் அசிங்கத்தை ஐம்பது பேர் முன்னால் கொட்ட வைத்து, அதிலிருந்து என்னைத் தூக்கினாள். ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். அவளிடம் கேளுங்கள். நல்லவர்களாக வேஷம் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள். திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள். அவள் எழுந்து போய்விட மாட்டாள்.

நர்ஸுக்கு மாதம் ஒரு முறை போன் செய்துகொண்டிருந்தேன். தண்ணிக்கு வர்றா, நல்லா இருக்கா என்பார். தை மாதத்தில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்தக் கிராமத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. இந்த மே மாதமும் அங்கே வெயில் அப்படித்தான் அடித்திருக்கும். அவளுக்கு ஒன்பது வயது முடிந்திருக்கும்.

ஒவ்வொரு செவ்வாயும் நான் அவளுக்காகக் கேட்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. தனியாகக் கேட்டுக் களைத்துப்போகிறேன். இந்த ஆடிக்குக் கூழ் ஊற்றும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி வேண்டுவீர்களே, அப்போது கூடவே இந்தப் பெயரையும் ஒரு தரம் சொல்லுங்கள். தாப்பு.