செல்ஃப் அடித்த கை

அப்பாவைச் சம்மட்டி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக அல்ல. கார் மெக்கானிக். அவர் கைக்கு எட்டிய எதுவும் அடிவாங்காமல் தப்பியதில்லை. துருப்பிடித்த நட்டு, திறக்காத கதவு, இன்சூரன்ஸ் ஏஜென்ட், என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. அக்காவைக் கட்டிக்கொடுத்த மறுவருஷமே ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய முன்பல் ஒன்று அப்பா எறிந்த ஸ்பேனரில் போனது. அப்பாவே அவரைப் பல் டாக்டரிடம் அழைத்துப்போனார். வலிக்காமல் பிடுங்கத் தெரியவில்லை என்று அந்த டாக்டரையும் அடிக்கப் பாய்ந்தார்.

வண்டி கொண்டுவருகிறவர்கள் சாவியை நீட்டும்போதே ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருப்பார்கள்.

"பிரேக் சரியாப் புடிக்கலண்ணே."

"பிரேக்கு நல்லாத்தான் புடிக்குது. நீதான் எமனுக்கு லேட்டாயிடும்னு பறக்கிற."

அம்மாவை ஒருமுறை அறைந்தார். அம்மா இரும்புக் கரண்டியால் திருப்பிக் கொடுத்தாள். அன்று இருவரும் வீங்கிய முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதன்பிறகு எங்கள்மேல் அவர் கை ஓங்கவில்லை. மிச்சமெல்லாம் ஷெட்டில் இறங்கியது. நான் இயந்திரவியல் சேர்ந்தபோது, பொட்டப்புள்ளைக்கு மெஷின் எதற்கு என்று கேட்ட உறவினரைச் சாப்பாட்டு மேஜையிலிருந்து சட்டையைப் பிடித்துத் தூக்கினார். நாற்காலியும் கூடவே வந்தது.

அவரைக் கொன்றது ஒரு போல்ட்.

இன்ஜினின் முதன்மைத் தண்டு க்ராங்க். அதன் நுனியில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம், புல்லி. புல்லியைப் பிடித்திருப்பது ஒற்றை போல்ட். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து, வெல்டிங் வைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். டைமிங் பெல்ட் மாற்ற அது கழன்றே ஆகவேண்டும். புல்லி சுற்றாதபடி பிடித்துக்கொண்டு கழற்றுவது முறை. அப்பாவுக்கும் முறைக்கும் ஆகாது. போல்ட்டின் தலையைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டுவார். நீளக் கம்பியைச் செருகி, அதன் நுனியை வலப்பக்கம் தரையில் முட்டவைப்பார். "செல்ஃப் அடிடா!" என்று கத்துவார். உள்ளே இருப்பவர் சாவியை ஒரு கணம் திருப்புவார். இன்ஜின் சுற்றப் பார்க்கும். கம்பியைத் தரை விடாது. துப்பாக்கி வெடித்ததுபோல் போல்ட் இளகும். அப்பா சிரிப்பார். அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

கடிகாரச் சுற்றில் ஓடும் இன்ஜினில்தான் இது பலிக்கும். பெரும்பாலான இன்ஜின்கள் அப்படித்தான். சில பழைய இன்ஜின்கள் எதிர்ச்சுற்று. அவற்றில் செல்ஃப் அடித்தால் போல்ட் இறுகும். தரையை முட்டியிருக்கும் கம்பி மேலே எழும்.

எழுந்தது. அப்பா அதன் மேல் குனிந்திருந்தார்.

கம்பி நுனியின் வேகத்தை நான் கணக்குப் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

போலீஸ் விபத்து என்று எழுதிவிட்டுப் போனது. அப்பாவை எடுத்த அன்று மாமா தெருமுனையிலேயே நின்றார். அம்மா அவரை வாசலுக்குக்கூட விடவில்லை. கூட்டம் கலைந்ததும் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னாள்:

"காலைல உங்கப்பா அவன் வாயிலயே குத்தியிருக்காரு. தெருவே பாத்திருக்கு. மத்தியானம் அவன்தான் சாவியத் திருப்பியிருக்கான். நீ மெஷினு படிச்சவ. போய்ப் பாரு. தெரிஞ்சு திருப்பினானா, தெரியாமத் திருப்பினானா? அது ஒண்ணச் சொல்லு, போதும்."

"தெரிஞ்சுதான்னா?"

"எனக்குத் தம்பி இல்ல."

வண்டி அப்படியே நின்றது. முன்சக்கரம் கழற்றியபடி, பானெட் திறந்தபடி. கம்பியை மட்டும் போலீஸ் எடுத்துப்போயிருந்தது. தரையில் மணல் கொட்டியிருந்தார்கள். மணல் நிறம் மாறியிருந்தது. மாமா ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். மேலுதடு இன்னும் வீங்கியிருந்தது.

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். பானெட் எதிரே சுவர்போல் எழுந்து நின்றது. சக்கரக்குழியருகே குனிந்திருக்கும் ஆளை இங்கிருந்து பார்க்க முடியாது. இறங்கி வந்து, புல்லி தெரியும்படி விளக்கைத் திருப்பிவைத்தேன்.

"செல்ஃப் அடிங்க மாமா."

"நான் மாட்டேன்."

நானே அடித்தேன். மாமா புல்லியைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் சுத்துச்சு?"

"எடப்பக்கம்."

"எதிர்ச்சுற்று."

"ம்."

"முன்னாடியே தெரியுமா?"

அவர் எழுந்தார். "மொதல்ல இந்தச் சனியனக் கழட்டுவோம். வா."

புல்லியின் நடுவில் அறுகோணக் குழி இருந்தது. அதில் பொருந்தும் பிடியைச் செருகி, கைப்பிடியை இடப்பக்கம் தரையில் ஊன்றினேன். இனி புல்லி நகராது. மாமா போல்ட்டில் சாக்கெட்டை மாட்டினார். புதுக் கம்பி. கம்பியின்மேல் ஆள் உயரத்துக்கு இரும்புப் பைப். அதுவும் இடப்பக்கமே நீண்டது. நான் பிடியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். மாமா தூணைப் பிடித்துக்கொண்டு பைப்பின் நுனியைக் காலால் மிதித்தார். அசையவில்லை.

"கழலுடா நாயே!"

மிதி. பைப் வில்லாக வளைந்தது.

"காலைலயே சொன்னேன். அத்தான், இந்த இன்ஜினு எதிர்ச்சுத்துன்னேன்."

மிதி.

"எனக்கே பாடம் எடுக்கிறியாடான்னு வாயில குத்தினாரு. எதிர்ல டீ குடிச்சிட்டிருந்தவன்லாம் சிரிச்சான்."

மிதி. பிடி என் உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை.

"அதோட வாய மூடிக்கிட்டேன். மத்தியானம் கம்பிய மாட்டிட்டு, செல்ஃப் அடிடான்னாரு. கம்பி எகிறிப் போய் பம்பர ஒடைக்கும். அதே டீக்கடைக்காரன் இவரப் பாத்துச் சிரிப்பான். சிரிக்கட்டும்னு..."

இரண்டு காலாலும் பைப்பின்மேல் ஏறிக் குதித்தார். வெடித்தது. பைப் தரையில் மோத, மாமா அதன்மேலேயே விழுந்து முழங்கையை மோதிக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. மணலில் கிடந்தபடியே சொன்னார்.

"தோக்கட்டும்னு நெனச்சேம்மா. சாகட்டும்னு நெனைக்கல."

எனக்குப் பக்கத்திலிருந்த ஸ்பேனர் பெட்டியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. அப்பாவின் ரத்தம் எனக்குள்ளும்தான் ஓடுகிறது. அவர் முழங்கையைத் தூக்கிப் பார்த்தேன். எலும்பு முறியவில்லை போலிருந்தது. துணியைச் சுற்றினேன்.

பெல்ட் மாற்றினோம். வேலை முடிகிற நேரத்தில் அம்மா வந்துவிட்டாள். பதிலுக்காக வீட்டில் காத்திருக்க அவளால் முடியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன்.

"தெரியும்க்கா," என்றார் மாமா. "எதிர்ச்சுத்துன்னு தெரியும். அவரு தல அங்க இருக்குன்னு தெரியாது."

அம்மா அறைந்தாள். இரண்டாவது அறையில் வீங்கிய உதடு பிளந்தது. மாமா கையைத் தூக்கவில்லை. மூன்றாவது அறை காதில் விழுந்து, அவர் பெஞ்சில் சாய்ந்தார். அதன்மேலிருந்த போல்ட்டுகள் எல்லாம் கொட்டின.

"ரெண்டு வார்த்தடா. 'தள்ளி நில்லுங்க.' வாயி வீங்கினா அதுகூடவா வராது?"

"கோவம்க்கா."

"யாருக்குடா கோவம் இல்ல? அந்த மனுசனோட இத்தன வருசம் இருந்தேன். ஒறங்குறப்பத் தலையில கல்லப் போடலாம்னு எனக்குத் தோணாத நாளா? போட்டேனா?"

மாமா வாயைத் துடைத்துக்கொண்டார். மூச்சு வாங்கிக்கொண்டே அம்மா வண்டியைக் காட்டினாள்.

"இது இனி இங்க நிக்கக் கூடாது. முடிங்க."

போல்ட்டின் மரையைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு துளி எண்ணெய் விட்டேன். கையால் இயன்றவரை திருகினேன். பிடியை இப்போது வலப்பக்கம் ஊன்ற வேண்டும்; இறுக்கும்போது புல்லி அந்தப் பக்கம்தான் சுற்றப் பார்க்கும். மாமாவின் ஒரு கை வேலைக்கு ஆகாது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மணலில் மண்டியிட்டாள். எந்த மணல் என்று அவளுக்குத் தெரியும். பிடியை அழுத்திப் பிடித்தாள்.

டார்க் ரெஞ்சில், எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை வைத்து இழுத்தேன். என் தோள் கதறியது. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அளவு எட்டியதும் ரெஞ்ச் சொடுக்கியது.

"இன்னும் ஒரு இழு," என்றார் மாமா. "அத்தான் பைப்பப் போட்டு ஒரு மிதி மிதிப்பாரு."

"வேணாம். இதுக்கு மேல இழுத்தா போல்ட்டு நீண்டுரும். அப்புறம் ஓடும்போது அறுந்துரும்."

"அவரு போட்டது எதுவும் அறுந்ததில்லையே?"

"அடுத்தவன் கழட்டவும் முடிஞ்சதில்ல."

அம்மா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். தட்டியும் போகவில்லை. வாசல்வரை போய்த் திரும்பாமலே பேசினாள்.

"கடைய நீ நடத்து. உங்கத்தான் பேரு போர்டுல இருக்கட்டும். வேலைக்கு வர்ற எவன்மேலயாவது கை வெச்சேன்னு கேள்விப்பட்டேன், அன்னிக்கே பூட்டிருவேன்."

"சரிக்கா."

"வீட்டுப்படி ஏறாத."

"எத்தன நாளைக்குக்கா?"

"கேக்காத."

போய்விட்டாள். மாமா ஒற்றைக் கையால் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். குழிக்குள் தூக்கி வைக்க முடியாமல் இருமுறை நழுவவிட்டார். நான் மறுபக்கம் பிடித்துத் தூக்கினேன். அவர் நட்டுகளைப் போட்டார். ஜாக்கியை இறக்கினேன்.