கன்னத்தில் ஒரு மைப்புள்ளி

வின்னிபெக் நகரில் எனக்கு இன்னமும் பழகாதது குளிர் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் தபால் பெட்டியில் வந்து விழும் பல்கலைக்கழகப் பழைய மாணவர் இதழ். அதன் கடைசிப் பக்கங்களில், இங்கே என்னோடு மேற்படிப்பு படித்தவர்கள் தங்கள் நல்ல செய்திகளை எல்லாம் வரிசையாக அச்சடித்து விடுகிறார்கள். ஒருவர் டைரக்டர் ஆகிவிட்டார். ஒருத்திக்கு இரட்டைப் பேரக்குழந்தைகள், எடை விவரத்தோடு. இன்னொருவர் ஏரிக்கரையில் வீடு வாங்கி, அதன் வாசலில் நின்று பல் தெரியச் சிரிக்கிறார். பாதியிலேயே இதழை மூடிவிடுவேன். அடப்பாவிகளா, இத்தனை பேர் கண்ணும் படுமே!

எங்கள் சுங்குவார்சத்திரத்தில் நல்லதை அப்படிச் சொல்லிவிட மாட்டோம். நெடுஞ்சாலையோரம் பஞ்சர் கடை வைத்திருந்த என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, இதில் ஊரையே மிஞ்சியவர். 1991இல் நான் பி.இ. முதல் வகுப்பில் தேறினேன். எங்கள் வம்சத்தின் முதல் பட்டதாரி. நைனா இரண்டு நாள் சிரித்த வாய் மூடவில்லை, வீட்டுக்குள் இருக்கும் வரை. கடைக்குப் போனதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கேட்டவர்களிடம் எல்லாம், "ஒரு பேப்பர் பூட்ச்சிப்பா" என்றார். டீக்கடைக்காரர் மனமிரங்கி எனக்கு ஒரு வாரம் தினம் ஒரு பன் கொடுத்து ஆறுதல் சொன்னார். மனச்சாட்சி உறுத்த உறுத்த ஏழு பன்னையும் தின்றேன்.

அப்போது அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு முடித்திருந்தேன். ஆர்டர் கொடுக்கும் முன் ஊரில் விசாரித்துப் போக ஓர் அதிகாரி வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியவர் முதலில் விசாரித்த இடம் பஞ்சர் கடை. மதியம் சாப்பிட வந்த நைனா பெருமையாகச் சொன்னார்.

"யாரோ டவுனு ஆளுடா. உன்னப் பத்தி கேட்டாரு. வுடுவேனா நானு? ஒரு பேப்பர் பூட்ச்சின்னு சொல்லி அனுப்சிட்டேன். நோட்டுல எழுதிக்கினாரு."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வேலை போயிற்று. நாளைய சம்பளம், தங்கையின் படிப்பு, எல்லாம் அந்த நோட்டில் ஒரு வரியாகப் போய்க்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து மதிப்பெண் பட்டியலை உருவிக்கொண்டு, கட்டிய லுங்கியோடு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். அதிகாரி இன்னும் நின்றிருந்தார்.

"சார், நான் பாஸ் சார்!"

"பஞ்சர் கடைக்காரர் ஒரு பேப்பர் போச்சுன்னாரே தம்பி."

"அவரு எங்கப்பா சார்!"

"பெத்தவரே சொல்றாருன்னா நம்பாம எப்படி?" என்றபடி என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தார். "இது ரேஷன் கார்டுப்பா."

அதற்குள் நைனா சைக்கிளில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சரியான காகிதம் அவர் கையில் இருந்தது. டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது. நைனா அத்தனை கண்களையும் ஒருமுறை பார்த்தார். பிறகு கத்தினார்.

"ஃபஸ்ட் கிளாஸு சார்! எம்புள்ள ஃபஸ்ட் கிளாஸு! கண்ணு பட்டா எம்மேல படட்டும்!"

"அடப்பாவி மனுசா, ஏழு பன்னுய்யா!" என்றார் டீக்கடைக்காரர்.

அதிகாரி சிரித்துக்கொண்டே நோட்டில் அந்த வரியை அடித்தார். வேலை கிடைத்தது. அந்த வேலைதான் சில வருடங்களில் என்னை மேற்படிப்புக்கு இந்தப் பனிவரை தள்ளிவிட்டது.

போன கோடையில் என் மகள் மலர் அதே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினாள். இதழ் அலுவலகத்து ஜெனிஃபர் படம் கேட்டார். அனுப்பினேன். அனுப்பும் முன், கைக்குழந்தைக்கு வைப்பதுபோல் மலரின் கன்னத்தில் பேனாவால் ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தேன். ஜெனிஃபர் தொலைபேசியில் அழைத்து, படத்தில் ஏதோ மை பட்டிருக்கிறது, நீக்கிவிடவா என்றார். பதறிப்போய், "ஐயோ, அது பிறவி மச்சம்" என்றேன். என் மனதைப் புண்படுத்திவிட்டதாக நினைத்து அவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். ஆக, ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு மலர் மச்சத்தோடு போனாள். "எனக்கு ஏதுப்பா மச்சம்?" என்று அவள் கேட்டபோது நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஒரு பிரதியை நைனாவுக்கு அனுப்பினேன். கிடைத்த அன்றே அழைத்தார்.

"டேய், கொயந்த கன்னத்துல இன்னாடா கறுப்பா கீது? அச்சுல கோளாறு போல. பிளேடால சொரண்டிட்டு கடையில மாட்டிட்டேன். காத்தடிக்க வர்ற லாரிக்காரனுக்கெல்லாம் காட்டிக்கினு கீறேன்."

"கண்ணு படும் நைனா..."

"பட்டுட்டுப் போவுது. பாக்கத்தாண்டா மாட்டிகீறேன்."

அன்று பஸ் ஸ்டாப்பிலேயே அவர் இறக்கி வைத்துவிட்ட பயத்தை, நான்தான் பத்திரமாகக் கனடா வரை தூக்கி வந்திருக்கிறேன் போலும். இங்கே என் வரவேற்பறையில், சட்டம் போட்டு மாட்டிய அந்த இதழ்ப் பக்கத்தில், மலரின் கன்னத்தில் இல்லாத மச்சம். அங்கே, கம்பெனி பஸ்கள் ஷிப்டு மாறும்போது புழுதி கிளப்பிப் போகும் பஞ்சர் கடைச் சுவரில், அதே இடத்தில் பிளேடு சுரண்டிய வெள்ளைத் தழும்பு. இரண்டு இடத்திலும் அவள் ஒரே மாதிரிதான் சிரிக்கிறாள்.