ஊருக்குப் பேசும் சட்டை

ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் இன்னும் தொங்குகிறது அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் சாலையில் ஒரு ஓட்டலில் எங்களுக்கு வேலை. சமையல்காரர்கள் மூன்று பேர், சட்டை ஒன்றுதான். ஊரிலிருந்து வீடியோ கால் வந்தால் ஏப்ரனைக் கழற்றி, முகம் கழுவி, அதை மாட்டிக்கொண்டு, அரிசி மூட்டைகள் தெரியாத பக்கமாக நின்று பேசுவோம். அவரவர் வீட்டாரைப் பொறுத்தவரை நாங்கள் மூவருமே மேனேஜர்கள்.

அதை அதிகம் போட்டவர் தோசை மாஸ்டர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கிரீன் கார்டு மனு பாதியில் நின்றதால், கிளம்பினால் திரும்பி வர முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். மகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஐ.டி. வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேமராவோடு கிச்சனுக்கு வந்தார். குறும்படம். ஊரில் தாய் இறந்த செய்தியைப் போனில் கேட்கும் சமையல்காரர் வேடம். என்னைத்தான் முதலில் கேட்டார். நான் வெட்கப்பட்டுப் பாத்திரம் கழுவும் பக்கம் போய்விட்டேன். அண்ணன் ஒப்புக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அண்ணா, ஆக்ட் பண்ணாதீங்க. சும்மா ஃபீல் பண்ணுங்க, போதும்."

"அழச் சொன்னீங்க, அழுதேன். இப்ப அழுவாதேங்கறீங்க. என்னதாங்க தம்பி பண்ணட்டும்?"

நடுவில் மகள் அழைத்தாள். அண்ணன் ஓடிப்போய்ச் சட்டையை மாட்டினார். கேமராவும் பின்னாலேயே போனது. "டிக்கெட் போட்டாச்சு சாமி. முதப் பந்தியில அப்பன்தான் பரிமாறுவேன்" என்று சிரித்தார். போனை வைத்ததும் சட்டையைக் கழற்றி, அடுத்தவனுக்காக ஒவ்வொரு பொத்தானாகப் போட்டு ஆணியில் மாட்டினார். அப்போது அவர் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். கேமராவும் பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படம் போட்ட அன்று அந்த முகத்துக்குத்தான் எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் என் காதருகில் குனிந்தார். "போன்ல பேசினதுதான்டா நடிப்பு. அத வெட்டிட்டாங்க." ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு நடிப்பைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்: பார்க்கிறவர் நடிப்பு என்று நினைக்கவே கூடாது.

அண்ணன் கல்யாணத்துக்குப் போகவில்லை. வக்கீல் முன்பே சொல்லிவிட்டது மகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மகள் அப்பாவின் வீடியோ ஏதாவது இருந்தால் அனுப்பச் சொன்னாள். அந்த முகத்தைக் காட்ட மனம் வராமல், தம்பியிடம் கேட்டு, வெட்டிய துண்டை வாங்கி அனுப்பினேன். அதில் அண்ணன் சிரிக்கிறார்.

இன்று காலை அவள் குரல் பதிவு வந்தது. "வர முடியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டே இப்படிச் சிரிச்சிருக்காரே சித்தப்பா. நாங்க அவருக்கு அவ்வளவுதானா?"

அவர் நடிப்பை அவள் முழுதாக நம்பிவிட்டாள்.

வீடியோவிலேயே கூப்பிட்டுவிடலாம் என்று ஸ்டோர் ரூமுக்குப் போனேன். பழக்கத்தில் கை சட்டையை எடுத்தது. பிறகு அதை ஆணியிலேயே மாட்டிவிட்டு, மாவு படிந்த ஏப்ரனோடு, மூட்டைகளுக்கு முன்னால் நின்று அழைத்தேன்.

"என்ன சித்தப்பா இது, எங்க நிக்கறீங்க?"

"உங்கப்பா நின்ன இடம் சாமி" என்று சொல்லி, போனைச் சட்டையின் பக்கம் திருப்பினேன்.